நடைபாதைச் செடிகளில் பூச்சித் தொல்லை: மருந்து தெளிப்பதற்குமுன் கழுவிப் பாருங்கள்

ரசம் தாளிக்கும் நேரத்தில் கதவைத் திறந்து, வாசலில் உள்ள தொட்டியிலிருந்து இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை பறித்து வருவது சிங்கப்பூர்த் தமிழ் வீடுகள் பலவற்றில் அன்றாடப் பழக்கம். ஒருநாள் பறித்த இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது. விரல் பட்டால் பிசுபிசுக்கிறது. தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறுகின்றன.

அந்த இலை சமையலுக்குப் போவது. அதனால் ரசாயன மருந்தைத் தெளிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்து ஆலோசனை கேட்டால் பூண்டு, மிளகாய், வேப்பெண்ணெய், சோப்பு, புகையிலை, உப்பு, வினிகர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இவற்றுள் சில நல்ல பலன் தரும். சில செடியையே கெடுத்துவிடும். ஓரிரண்டு, வீட்டில் இருப்போருக்கும் ஆபத்தானவை. எந்தப் பூச்சிக்கு எது பயன்படும், எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான செடிகளைக் காப்பாற்றிவிடலாம்.

மழை படாத செடி

தரையில் வளரும் செடியைக் காட்டிலும் வீவக அடுக்குமாடி நடைபாதையில் வளரும் செடிக்குப் பூச்சி அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. நடைபாதைக்குக் கூரை இருக்கிறது. செடிமீது மழை விழுவதில்லை.

தோட்டத்துச் செடியில் உள்ள அசுவினி, சிலந்திப் பூச்சி போன்றவற்றைக் கனமழை அடித்துச் சென்றுவிடும். இலையில் படிந்த தூசியும் நீங்கும். நடைபாதையிலும் வரவேற்பறையிலும் இருக்கும் செடிக்கு அந்தக் குளியல் கிடைப்பதில்லை. நாம் ஊற்றும் தண்ணீரும் வேருக்கு மட்டுமே போகிறது.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை என்பது மற்றொரு காரணம். குளிர்நாடுகளில் சில மாதங்களுக்குப் பூச்சிகளின் பெருக்கம் ஓய்ந்திருக்கும். இங்கே ஆண்டு முழுதும் வெப்பநிலை சாதகமாக இருப்பதால் அவை இடைவிடாமல் பெருகுகின்றன.

செடிகளை நெருக்கமாக அடுக்கிவைப்பதும் பூச்சிக்கு வசதி. ஒரு தொட்டியின் இலை அடுத்த தொட்டியைத் தொட்டால் அதுவே பாலமாகிவிடும். தீ பாதுகாப்புக்காகப் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆகவே தொட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து இடைவெளி விடுவது இரண்டு வகையிலும் நல்லது.

பூச்சியை அடையாளம் காணுங்கள்

எல்லாப் பூச்சிகளுக்கும் ஒரே மருந்து கிடையாது. தெளிப்பானைக் கையில் எடுப்பதற்குமுன் இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, இளந்தளிர், மண்ணின் மேற்பரப்பு ஆகிய நான்கு இடங்களையும் பார்க்க வேண்டும். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் எளிதில் தெரியும்.

மாவுப்பூச்சி: வெள்ளைப் பஞ்சு அல்லது மாவு அப்பியதுபோல் இருக்கும். இலை இடுக்குகளில் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் பூச்சி பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அதன் உடலை மூடியிருக்கும் மெழுகில் தண்ணீர் ஒட்டாது.

அசுவினி: பச்சை, கறுப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் கடுகைவிடச் சிறியதாக, தளிரில் கூட்டமாக மொய்த்திருக்கும். இணை சேராமலேயே நேரடியாகக் குட்டிகளை ஈனும் என்பதால் சில நாள்களிலேயே தளிர் முழுவதும் பரவிவிடும்.

செதில் பூச்சி: தண்டிலும் இலை நரம்பிலும் பழுப்பு நிறச் சிறு ஓடுபோல் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். பலரும் இதைத் தண்டின் இயல்பான புடைப்பு என்று நினைத்து விட்டுவிடுவதுண்டு. நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது பூச்சி.

வெள்ளை ஈ: செடியை அசைத்தால் வெள்ளைத் துகள்கள் பறப்பதுபோல் கிளம்பி, மீண்டும் இலைக்கடியில் போய் அமரும்.

சிவப்புச் சிலந்திப் பூச்சி: கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலையின் மேற்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளும், இலைக்கடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் இதுதான். வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் ஐயமில்லை. இது பூச்சி இனமன்று. எட்டுக் கால்கள் கொண்ட சிலந்தியின் உறவு. வெப்பமும் வறட்சியும் இதற்குப் பிடிக்கும். குளிரூட்டி ஓடும் அறையில் இருக்கும் செடிகளில் அடிக்கடி காணலாம்.

பூஞ்சை ஈ: தொட்டி மண்ணைச் சுற்றிப் பறக்கும் கொசு போன்ற சிறிய கறுப்பு ஈ. கடிக்காது. மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை சாற்றை உறிஞ்சி இனிப்பான பிசுபிசுப்பை வெளியேற்றுகின்றன. அந்த இனிப்புக்காகவே எறும்பு வருகிறது. அதன்மேல் கரிபோல் படரும் கறுப்புப் படலமும் ஒரு பூஞ்சைதான். எறும்பும் கறுப்புப் படலமும் தென்பட்டால், அருகில் உறிஞ்சும் பூச்சி இருக்கிறது என்று பொருள்.

முதல் மருந்து தண்ணீர்

பூச்சி இருக்கும் தொட்டியை முதலில் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். பிறகு மழை செய்யாத வேலையை நாமே செய்ய வேண்டும்.

தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுசெல்லுங்கள். மண் கரைந்து போகாதபடி ஒரு பிளாஸ்டிக் பையால் மண்ணை மூடிக் கட்டுங்கள். செடியைச் சற்றுச் சாய்த்து, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். இலை கிழியாத அளவுக்கு வேகம் இருந்தால் போதும். நடைபாதையிலேயே கழுவினால் அழுக்கு நீர் கீழ்வீட்டுக் கொடிக்கம்பத்தில் காயும் துணிமீது சொட்டக்கூடும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கலாம்.

அசுவினி, சிலந்திப் பூச்சி இரண்டுக்கும் இதுவே பெரும்பாலும் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை என இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து கழுவினால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்துவிட்டுக் கழுவ வேண்டும்.

சோப்பு நீர்

கழுவியும் பூச்சி திரும்ப வந்தால் அடுத்தது சோப்பு நீர்.

1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் மென்மையான திரவ சோப்பைக் கலக்க வேண்டும். வெளுப்பான் கலந்தது, கடும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கென விற்கப்படுவது ஆகியவை கூடாது. தாவரங்களுக்கென விற்கப்படும் பொட்டாசியம் சோப்பு கிடைத்தால், பாத்திரம் கழுவும் திரவத்தைவிட அதுவே பாதுகாப்பானது. அதன் அளவுக்கு உறையில் உள்ள குறிப்பைப் பின்பற்றலாம்.

சோப்பு, பூச்சியின் மேலுள்ள மெழுகைக் கரைத்து அதன் மென்மையான உடலைச் சேதப்படுத்துகிறது. இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, கரைசல் பூச்சிமீது நேரடியாகப் பட வேண்டும். இலையின் மேற்பக்கம் மட்டும் தெளித்தால் பயனில்லை. இரண்டாவது, காய்ந்துவிட்ட சோப்புக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் கிடையாது. ஆகவே வெயில் இறங்கிய பிறகு தெளித்து, ஓரிரு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம்.

பூச்சியின் மெழுகைக் கரைக்கும் சோப்பு, இலையின் மெழுகையும் கரைக்கும். அளவைக் கூட்டினால் இலை விளிம்பு கருகும். எந்தக் கரைசலானாலும் முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, ஒருநாள் பொறுத்துப் பார்த்த பிறகே செடி முழுதும் தெளிக்க வேண்டும். தண்ணீரின்றி வாடியிருக்கும் செடிக்கு எதையும் தெளிக்கக்கூடாது.

வேப்பெண்ணெய்

தமிழர்களுக்கு நன்கு பழக்கமான மருந்து இது. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சிக்குத் தின்னும் ஆர்வத்தைக் குறைக்கிறது. இளம்பூச்சி தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. அதனால் தெளித்த மறுநாளே பூச்சி செத்துக்கிடக்கும் என எதிர்பார்க்கக்கூடாது. பலன் தெரியச் சில நாள்கள் ஆகும். அது தெரியாமல் பலர் மறுநாளே அளவை இரட்டிப்பாக்கிச் செடியைக் கருகவிட்டு விடுகிறார்கள்.

1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி திரவ சோப்பைக் கரைத்து, அதன்பின் 1 தேக்கரண்டி வேப்பெண்ணெய் சேர்த்து நன்றாகக் குலுக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். தெளிக்கும்போதும் அவ்வப்போது குலுக்கிக்கொள்ள வேண்டும். கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். எடுத்து வைத்தால் வீரியம் குறையும். அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடுவதால் மாலையில் தெளிப்பதே நல்லது.

வாங்கும்போது ஒரு கவனம் தேவை. விளக்கேற்றுவதற்கென விற்கப்படும் எண்ணெயில் பல எண்ணெய்கள் கலந்திருக்கலாம். செடிக்கு வேண்டியது கலப்பில்லாத, சூடாக்காமல் பிழிந்த வேப்பெண்ணெய்.

வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காக அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது. சிறு நோய்களுக்கு மருந்தாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், மூளைப் பாதிப்பு ஏற்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் பதிவுசெய்தனர். செடிக்கான புட்டியில் பெயரெழுதி ஒட்டி, சமையல் எண்ணெய்களோடு சேர்க்காமல் தனியே வைப்பது கட்டாயம்.

சமையலுக்குப் பறிக்கும் செடியில் தெளித்தால், குறைந்தது ஒரு வாரத்துக்கு அந்த இலையைப் பறிக்காமல் இருந்து, பிறகு நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். தெளிப்பதற்கு முன்பே அந்த வாரத்துக்குத் தேவையான நல்ல இலைகளைப் பறித்து வைத்துக்கொள்வது வசதி.

பூண்டு, மிளகாய்: விரட்டி, கொல்லி அன்று

தமிழ்நாட்டின் இயற்கை விவசாயிகள் பூச்சிவிரட்டி, பூச்சிக்கொல்லி என்ற இரண்டு சொற்களையும் வேறுபடுத்தியே சொல்வார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் நெடியும் காரமும் புதிதாக வரும் பூச்சிகளைத் தயங்கவைக்கும். ஏற்கெனவே பஞ்சுபோல் அப்பியிருக்கும் மாவுப்பூச்சியை அது அகற்றாது.

எனவே கழுவிச் சுத்தம் செய்த செடியில், பூச்சி திரும்பாமல் இருக்க இதைப் பயன்படுத்தலாம். 10 பல் பூண்டு, 2 பச்சை மிளகாய் ஆகியவற்றை அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்ட வேண்டும். சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.

திறந்த நடைபாதையில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத் தெளிக்க வேண்டும். மிளகாய் நீர் பக்கத்து வீட்டு வாசலில் விளையாடும் பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டால் அது செடிப் பிரச்சினையாக இருக்காது. கண்ணாடி, கையுறை அணிந்துகொண்டு ஆளில்லாத நேரத்தில் தெளிப்பதே முறை.

சாணம், கோமியம் சேர்த்துப் புளிக்கவைக்கும் கரைசல்கள் வயலுக்கு உரியவை. அடுக்குமாடி வீட்டுக்கு அவற்றின் வாடை ஒத்துவராது.

பஞ்சு நுனியில் ஆல்கஹால்

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் குறைவாக இருக்கும்போது கைவசம் உள்ள எளிய வழி இது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட வேண்டும். மெழுகு கரைந்து பூச்சி பழுப்பாக மாறும். பிறகு துடைத்துவிடலாம்.

இதைத் தெளிப்பானில் ஊற்றித் தெளிக்கக்கூடாது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். துளசிக்கு முன் விளக்கு எரியும் வீடுகளில் இந்த எச்சரிக்கை மிக அவசியம். விளக்கை அணைத்து, தொட்டியை வேறிடத்துக்கு மாற்றிய பிறகே ஆல்கஹால் புட்டியைத் திறக்க வேண்டும்.

மஞ்சள் அட்டை

வெள்ளை ஈ, பூஞ்சை ஈ, சிறகு முளைத்த அசுவினி ஆகியவை மஞ்சள் நிறத்தால் ஈர்க்கப்படும். பழைய மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெய் அல்லது பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி, செடியின் உயரத்துக்குக் குச்சியில் கட்டி வைத்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். பறக்கும் பூச்சிகளை மட்டுமே இது பிடிக்கும். இலையில் உள்ள முட்டைகளையும் குஞ்சுகளையும் கழுவியே நீக்க வேண்டும்.

பூஞ்சை ஈயைப் பொறுத்தவரை, புழுக்கள் மேல்மண்ணில்தான் வளர்கின்றன. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம்

எறும்புகள் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் அவற்றின் எதிரிகளிடமிருந்து காக்கின்றன. எறும்பை நிறுத்தாமல் பூச்சியை ஒழிப்பது கடினம்.

எறும்பு ஏறாமல் இருக்கத் தொட்டியைத் தாங்கும் நிலைக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது பழைய வழக்கம். சிங்கப்பூரில் அதைச் செய்யக்கூடாது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் முட்டையிடும் இடங்களில் எறும்புத் தடுப்புக் கிண்ணங்களும் பூந்தொட்டித் தட்டுகளும் அடங்கும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரமே போதும். தட்டில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வீட்டில் கொசு உற்பத்தி கண்டறியப்பட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதமும் விதிக்கும்.

கிண்ணத்துக்குப் பதில், நிலைக்காலைச் சுற்றி வழுவழுப்பான ஒட்டுநாடாவைச் சுற்றி அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவலாம். தூசி படிந்ததும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். சுவரையோ மற்றொரு செடியையோ இலைகள் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வரும்.

தொட்டித் தட்டில் தேங்கும் நீரை ஊற்றிவிட்டு, தட்டின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவதும், இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிடுவதும் கொசுவையும் தடுக்கும், வேரையும் காக்கும்.

எந்தச் செடிக்கு என்ன கவனிப்பு

கறிவேப்பிலை: தளிர் சுருண்டு, வெள்ளை மெழுகு நூல்போல் தெரிந்தால் அது சிட்ரஸ் சில்லிட் என்னும் தாவும் பூச்சியாக இருக்கலாம். இது எலுமிச்சைக் குடும்பச் செடிகளுக்குப் பசுமை நோயைப் பரப்பக்கூடியது. சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய குட்டி ஆரஞ்சு மரமோ எலுமிச்சையோ அருகில் இருந்தால் தள்ளி வைப்பது நல்லது. பாதித்த நுனியை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிடலாம். கறிவேப்பிலை வெட்ட வெட்டக் கிளைக்கும். இலைமேல் பறவை எச்சம்போல் தெரிவது சில நேரங்களில் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கும். வளர்ந்ததும் அது பச்சையாகிவிடும். அதற்கு மருந்து தேவையில்லை. கையால் எடுத்து அப்புறப்படுத்தலாம்.

துளசி: இலை மென்மையானது, சோப்பும் எண்ணெயும் எளிதில் கருக்கிவிடும். வழிபாட்டுக்கும் வாயில் போடவும் பறிக்கும் இலை என்பதால் தண்ணீரில் கழுவுவதோடு நிறுத்திக்கொள்வதே சிறப்பு. கதிர்விடும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால் புதுத்தளிர் வந்து செடி தேறும்.

மல்லிகை: இலை வெளிறினால் சிலந்திப் பூச்சியைத் தேடுங்கள். மொட்டில் ஓட்டை விழுந்து நிறம் மாறினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கும். புழு உள்ளே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. அத்தகைய மொட்டுகளைப் பறித்து அழிப்பதே வழி. மண்ணில் உதிர்ந்தவற்றையும் பொறுக்கிவிட வேண்டும்.

செம்பருத்தி: மாவுப்பூச்சிக்கு மிகவும் பிடித்தது. நுனி முடிச்சுபோல் சுருங்கியிருந்தால் அதைக் காப்பாற்ற முயலாமல், நல்ல கணுவரை வெட்டிவிட்டு மீதியைச் சோப்பு நீரால் கழுவலாம்.

மிளகாய்: இலை சுருளுவதற்கு இலைப்பேன், அசுவினி, சிலந்திப் பூச்சி ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். வாரம் ஒருமுறை இலைக்கடியைப் பார்ப்பதே பாதுகாப்பு.

தவிர்க்கவேண்டியவை

புகையிலை ஊறிய நீர் இயற்கையானதுதான். ஆனால் அதிலுள்ள நிக்கோட்டின் கடும் நஞ்சு. தோல்வழியாகவும் உடலுக்குள் செல்லும். மிளகாய், தக்காளிச் செடிகளுக்குப் புகையிலைத் தேமல் நோயையும் கொண்டுவரக்கூடும். குழந்தைகளும் பூனைகளும் உள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை.

உப்பு நீர் பூச்சியைவிட வேரை விரைவில் கொல்லும். வினிகர் இலையைச் சுட்டுவிடும். மண்ணெண்ணெயும் வெளுப்பானும் எந்த அளவிலும் கூடாது.

அரிசி கழுவிய நீர், பால், தேயிலைச் சக்கை ஆகியவற்றை அடிக்கடி தொட்டியில் கொட்டினால் மேல்மண் புளித்துப் பூசணம் பிடிக்கும். பூஞ்சை ஈக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

பல மருந்துகளை ஒன்றாகக் கலப்பதும் தவறு. எது பலன் தந்தது, எது செடியைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும்.

எல்லாப் பூச்சியும் பகையன்று

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே அதைவிடப் பெரிய, வெள்ளை இழைகள் கொண்ட ஒன்று வேகமாக நகர்ந்தால் அதை நசுக்கிவிட வேண்டாம். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சியோ மெதுவாகவே நகரும்.

இயற்கை எதிரிகளின் வலிமைக்குத் தமிழ்நாடே சான்று. மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எனப் பல பயிர்களை அது தாக்கியது. மருந்தடித்தும் அடங்காத அந்தப் பூச்சியை, 2010ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளே கட்டுப்படுத்தின.

நடைபாதைச் செடிக்கும் இது பொருந்தும். கண்டபடி தெளித்தால் பூச்சியோடு அதன் எதிரியும் அழியும். பிறகு முதலில் திரும்பி வருவது பூச்சிதான். சோப்பையும் வேப்பெண்ணெயையும்கூடப் பூச்சி உள்ள செடிக்கு மட்டும் பயன்படுத்துவது அதனால்தான்.

ஒருமுறை போதாது

வீட்டு மருந்து பலிக்கவில்லை என்று சொல்வோரில் பலர் ஒரே ஒருமுறை தெளித்துவிட்டு நிறுத்தியவர்கள். சோப்பும் தண்ணீரும் முட்டைகளை முழுமையாக அழிப்பதில்லை. தெளித்தபின் பொரிக்கும் குஞ்சுகள் அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும். அவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் மறுபடியும் கவனிக்க வேண்டும்.

முதல் நாள் கழுவி, சோப்பு நீர் தெளியுங்கள். 5 முதல் 7 நாள்களுக்குள் இலைக்கடியைப் பார்த்து மீண்டும் தெளியுங்கள். மூன்றாவது முறையும் அதே இடைவெளியில் செய்யுங்கள். அதன்பிறகு இரண்டு வாரங்களுக்குப் பூச்சி எதுவும் தென்படாவிட்டால் தொட்டியைப் பழைய இடத்தில் வைக்கலாம். புதிதாக வாங்கிவரும் செடியையும் இதேபோல் இரண்டு வாரங்கள் தனியே வைத்துப் பார்த்துவிட்டே மற்றச் செடிகளோடு சேர்க்க வேண்டும். பூச்சி பெரும்பாலும் புதுத்தொட்டியோடுதான் வீட்டுக்கு வருகிறது.

மூன்று முறைக்குப் பிறகும் தண்டெல்லாம் பூச்சி அப்பியிருந்தால், அந்தச் செடியைக் கைவிடுவதே மற்றச் செடிகளுக்கும் பக்கத்து வீட்டுச் செடிகளுக்கும் நல்லது. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட வேண்டும். அந்த மண்ணை வேறு செடிக்குப் பயன்படுத்தக்கூடாது. தொட்டியைச் சோப்புப்போட்டுத் தேய்த்துக் காயவைத்துவிட்டால் மீண்டும் பயன்படுத்தலாம்.

அம்மா வீட்டிலிருந்து வந்த கறிவேப்பிலையை அப்படி எறிய மனம் வராது. அதன் அடியில் பக்கக் கன்று முளைத்திருந்தால் வேரோடு பிரித்து, நன்கு கழுவி, புதிய மண்ணில் நட்டுத் தனியே வைக்கலாம். செடி நன்றாக இருக்கும்போதே அப்படி ஒரு கன்றைப் பிரித்து உறவினர் வீட்டிலோ அருகிலுள்ள சமூகத் தோட்டத்திலோ கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. இங்குள்ள தொட்டிக்கு என்ன ஆனாலும், அங்கே அது வளர்ந்துகொண்டிருக்கும்.